ஏழு டிகிரி

சூவுரோய் தீவு, ஜனவரி.
பாதி உடம்பைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு
மீன்தூள் ஆலை.
வேகவைக்கும் உருளைக்குப் பின்னால் ஏணி போட்டு ஏறினேன்.
ஹெர்ரிங் நெடி சட்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.
மூன்று முறை துவைத்தாலும் இறங்காது, தெரியும்.

பழைய சென்சாரைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
சுண்டுவிரல் நீளம்.
அது செருகியிருந்த குழாய்க்கழுத்தோ
அதைவிட நீளம்.
ஒன்பது வருடம்
கொதிக்கும் குழம்பை இது தொட்டதே இல்லை.
பாதி வெப்பம் மீனுடையது,
மீதி இரும்பினுடையது,
இரும்போ வாடைக்காற்றின் பேச்சைக் கேட்கிறது.
காப்புப் போர்வையை வால்வு மாற்ற வந்த யாரோ
பிரித்துப்போட்டுவிட்டுத்
திரும்பப் போர்த்தவில்லை.

திரையில் எண்பத்தெட்டு.
உள்ளே தொண்ணூற்றைந்து.
அந்த எண்பத்தெட்டுக்கும்
புள்ளி போட்டு இரண்டு இலக்கம் வேறு.
அவ்வளவு திமிர்.

ட்ரோந்துர் அப்போது இரவுப் பணியில்.
"கருகுது" என்றான்.
மூக்கு சொன்னது. திரை இல்லை என்றது.
திரை சொன்னதைக் கேட்டு
நீராவியை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னார்கள்.
திறந்தான்.
தூள் கறுத்து வந்தது.
டென்மார்க்கிலிருந்து மூட்டைகள் திரும்பின,
கடிதத்தோடு.
வால்வில் இருந்தது அவன் கை.
அதனால் அவனும் போனான்.

புதியதைப் பனிக்கட்டி மிதக்கும் குவளையில்
முதலில் நிறுத்திவைத்தேன்.
ஒரு காபி குடிக்கும் நேரம்.
பூஜ்யம்.
பிறகு குழாய் வளையும் இடத்தில்
எதிர்வரும் ஓட்டத்துக்கு முகம் காட்டி,
முனை நடுவயிறு வரை போகும்படி பொருத்தினேன்.
உறைக்குழலின் அடியில் முட்டும்வரை அழுத்தினேன்.
இடையில் மயிரிழை காற்று இருந்தாலும்
அது தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

மூன்று கம்பிகள்.
இரண்டு போதும் என்றுதான் தோன்றும்.
கட்டுப்பாட்டு அறை வரை எண்பது மீட்டர்;
அந்தத் தூரமே வெப்பம்போல் நடிக்கும்.
எவ்வளவு நடிக்கிறது என்று
மூன்றாவது கம்பி சொல்லும்,
கழித்துக்கொள்ள.
தன்னைக் கழித்துவிட்டுப் பேசும் சாட்சி
வேறெங்கும் எனக்கு அகப்பட்டதில்லை.
ஹெர்கெயிர் நடத்தும் திங்கட்கிழமைக் கூட்டத்தில்
நிச்சயமாக இல்லை.

போர்வையை நானே சுற்றிக் கட்டினேன்.
தொண்ணூற்றைந்து, திரையில்.
கீழே நின்ற பையன் பதறி
நீராவியைக் குறைக்க ஓடினான்.

படிவத்தில் 'பிழைக்குக் காரணம்' என்றொரு பெட்டி.
செருகிய ஆழம் போதவில்லை, என்று எழுதினேன்.
பெட்டி நிறைந்துவிட்டது.

மாலைப் படகில், கார்கள் நிற்கும் தளத்தில்
ட்ரோந்துர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.
இப்போது அவனுக்கு அதுதான் வேலை.
சொல்லிவிட்டேன்.
"ஏழு டிகிரி தப்பு."
"எந்தக் காற்றில்?"
"இன்றைக்கு அடிக்கிற வடக்கில்."
கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினான்.
"தெற்கு என்றால் நாலுதான் இருக்கும், ரன்வா.
அந்த நாட்களில் தூள் அவ்வளவு கறுக்காது."
அப்புறம் அடுத்த சுற்று.

பையில் பழைய சென்சார் கிடந்தது.
கொடுக்கலாமா என்று ஜிப்பைப் பாதி திறந்தேன்,
மூடிவிட்டேன்.
அதில் கோளாறு ஒன்றும் இல்லை.
காலையில் அதையும் அதே குவளையில் வைத்துப் பார்த்தேன்:
பூஜ்யம், துல்லியமாக.