நார்மல்

மூன்றாவது ஸ்கேனும் நார்மல்.
அரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில்
ஜெல் தடவிய வயிற்றோடு கிடந்தேன்.
திரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.
"ஒண்ணும் இல்லம்மா, கேஸ்."
எண்ணூறு ரூபாய்.

அந்த ஒன்றுமில்லாதது
களி தின்ற அரைமணியில் எழுந்துகொள்ளும்.
கொடியில் சேலை போடக் கை உயர்த்தினால்
உள்ளேயிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள்.
ஒருக்களித்துப் படுத்தால் விடுவார்கள்.
சில நாள் விடமாட்டார்கள்.

தீர்த்தகிரி முதல் வருடம் சோடா வாங்கித் தந்தார்.
இந்த வருடம்,
"உனக்கு வேலைன்னாதான் வலிக்குது" என்கிறார்.

வேலை, புளி தட்டுவது.
மாசி பிறந்தால் மண்டியில் மலைபோல் குவியும்.
ஓடு உடைத்து, கொட்டை எடுத்து,
காம்பிலிருந்து பிடித்து ஒரே இழுப்பில்
நாரை உருவணும்.
நாள்பட்ட புளியென்றால்
சதையோடு பிய்ந்துதான் வரும்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் தஸ்லீமா ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை.
"வயித்துல எத்தனை தடவை கத்தி பட்டிருக்கு?"

யாரும் கேட்டதில்லை இதை.
பதினாறு வயதில் குடல்வால், உடைந்து சீழ் பரவியது.
பிறகு மகள், குறுக்கே ஒரு கோடு.
பிறகு மகன், அதே கோட்டின்மேல்.

தழும்பை விரலால் நகர்த்திப் பார்த்தார்.
சுற்றுத் தோல் நகர்ந்தது, அது நகரவில்லை.
"உள்ள ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கலாம்,
குடலும் கர்ப்பப்பையும் வயித்துச் சுவரும்.
ஸ்கேன்ல பெரும்பாலும் பிடிபடாது.
துளை போட்டு கேமரா விட்டாத்தான் உறுதியாத் தெரியும்."

"புளியில நார் மாதிரியா?"

பேனாவைக் கீழே வைத்தார்.
"அதே மாதிரிதான். பிரிக்கலாம்.
பிரிச்ச இடம் திரும்ப ஒட்டவும் ஒட்டும்.
சத்தியம் பண்ண மாட்டேன்."

சீட்டில் எழுதிய பெயருக்குப் பின்னால்
ஒரு கேள்விக்குறி போட்டார்.
மூன்று வருட வலிக்கு
முதல்முதலாகக் கிடைத்த பெயர்.
கேள்விக்குறி இருந்தால் இருக்கட்டும்.

மொரப்பூர் வரை உட்கார இடமில்லை.
பழைய ரிப்போர்ட்டை எடுத்து
எழுத்துக்கூட்டிப் படித்தேன்: நார்மல்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே
நார் இருந்திருக்கிறது.

வளைவில் பஸ் சாய்ந்தது.
மேல்கம்பியைப் பிடிக்கக் கை உயர்த்தினேன்.
இழுத்தது.
பக்கத்தில் நின்ற பெண் "என்னக்கா?" என்றாள்.
ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து,
சொல்லவில்லை.