தோண்டுமுன் அழைக்கவும்

ஸ்காபரோவில் ஒருவர் மண்வெட்டியை எடுக்குமுன்
என்னைக் கூப்பிட வேண்டும். சட்டம்.
நான் வந்து புல்லின்மேல் கோடு போடுவேன்:
மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள்,
தண்ணீருக்கு நீலம், இணையக் கம்பிக்குச் செம்மஞ்சள்.
(இணையக் கம்பியை வெட்டினால்தான்
தெருவே வெளியில் வந்து நிற்கும்.)

என் தாளில் ஒரு கட்டம்: ஏன் தோண்டுகிறீர்கள்?
வேலிக்கால். நீச்சல்குளம்.
வாடகைக்கு விட நிலவறைக்குத் தனி வாசல்.
மருமகன் வாங்கித் தந்த செர்ரிக் கன்று.
ஒரு பெண் எழுதியிருந்தாள்: பூனை.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
சிவப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி
லைலாக் செடியின் பக்கம்
மண் இளகிய இடமாகப் பார்த்துக் காட்டினேன்.

ஸ்கங்க் மட்டும் யாரையும் அழைப்பதில்லை.
புரட்டாதி இரவில் வந்து
புதுப்புல்லைப் பாய்போல் சுருட்டி வைத்துவிட்டு
அடியில் கிடக்கும் வெள்ளைப் புழுவைத் தின்கிறது,
சரியாக மஞ்சள் கோட்டின் மேலே,
குழாய்க்கு ஒரு கீறல் இல்லாமல்.
அணிலோ விதிகளைத் திருத்துகிறது.
நேற்று நட்ட டியூலிப் கிழங்கைக் கிளறி எடுத்து
அதே குழியில் ஓக் கொட்டையைப் போட்டு மூடி
மறந்தும் விடுகிறது.
போகிற போக்கில் என் நீலக் கொடியொன்றையும்
கூட்டுக்குக் கொண்டுபோயிற்று.
எல்ஸ்மியர் வீதியில் ஒரு மரத்தின் உச்சியில்
இப்போது தண்ணீர்க்குழாய் ஓடுகிறது.

தை பிறந்தால் வழி மூடும், இங்கே.
பனியைத் தோண்ட அனுமதி எதற்கு?
ஒரு விடியலில் நாற்பது நிமிடம் மூச்சு வாங்க
என் காரைத் தோண்டி எடுத்தேன்.
கதவுப்பிடி தெரிந்தது. கண்ணாடி தெரிந்தது.
கண்ணாடிக்குள் தொங்கிய
என்னுடையதல்லாத செபமாலை தெரிந்தது.
மேல்மாடி மரிசெல் கோப்பிக் குவளையோடு இறங்கிவந்து
நன்றி சொல்லி, ஏறி, போய்விட்டாள்.

என்னோடு வேலை செய்பவர் யோகநாயகம்.
கருவி கீ என்றதும் அவர் பாதம்
தானாக நுனிக்கு மாறிவிடும்.
முன்பு வேறோர் ஊரில், இதே மாதிரிக் கருவியோடு
குழாய் அல்லாத ஒன்றைத் தேடியவர்.
சாப்பாட்டு நேரத்தில் அதைப்பற்றிக் கேட்டால்
"மண்ணைக் கிண்டத்தான் சம்பளம் தம்பி,
என்னைக் கிண்ட இல்லை" என்பார்.

கார்த்திகையில் கார்மினே பெட்ரெல்லா
தன் அத்திமரத்தைப் புதைக்கிறார்.
ஒருபக்க வேரை அறுத்து, கிளைகளைக் கயிற்றால் கட்டி,
நோயாளியைக் கட்டிலில் சாய்ப்பதுபோல்
பள்ளத்தில் சாய்த்து,
பலகை, பழைய கம்பளம், அதன்மேல் மண்.
இருபத்தாறு ஆண்டாக அதே பள்ளம்.
இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அழைக்கிறார்,
நானும் போய்க் கோடு போடுகிறேன்.
சித்திரையில் மண்ணைத் தள்ளி நிமிர்த்தும்போது
மரத்துக்குக் கழுத்துச் சுளுக்கியிருக்கும்.
ஆவணியில் என் வண்டி இருக்கையில் ஆறு பழம்.

எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?
எல்லோரும் கேட்பது இதைத்தான்.
எங்கே என்று சொல்லலாம். ஆழம் சொல்லக்கூடாது.
தாளின் அடியில் அச்சடித்திருக்கிறது.

நேற்று வீட்டுக்கு வந்தால்
பின்வளவுப் புல்லில் ஒரு வெள்ளைச் சதுரம்.
இடியப்ப மா. மனைவி கத்தி முடித்திருந்தாள்.
வெள்ளை என்றால்
இங்கே தோண்டப் போகிறேன் என்று பொருள்,
மகள் தக்சிகாவுக்கு நான் எப்போதோ சொன்னது.
அகப்பையோடு காத்து நின்றாள்.
ஏன் என்ற கட்டத்துக்கு, "சொல்ல மாட்டன்."

கருவியை எடுத்து வந்து நாலு பக்கமும் நடந்தேன்.
ஒன்றும் கீ என்னவில்லை.
கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தேன்.
வாசிக்காமல் மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு
முதல் அகப்பை மண்ணை
என் சப்பாத்தின் மேலேயே கொட்டினாள்.