கம்பளி நீக்கிய எடை

மூன்றாவது வாரம் என்னை வார்டுக்கு மாற்றினார்கள்.
முதல் வாரம் ஸ்டோர் ரூம்,
அட்டைப்பெட்டிகளோடு பேச்சு.
இரண்டாவது வாரம் இன்குபேட்டர் அறை,
அங்கே பேச்சே கிடையாது.

குன்னூரில் ஜனவரி.
மருந்து ஃப்ரிட்ஜுக்குள் ஐந்து டிகிரி,
ஜன்னலுக்கு வெளியே நான்கு.
கரண்ட் போனால் இன்சுலினை
ஜன்னல் கட்டையில் வைத்துவிடலாம் என்று
சிவகாசி வெயிலில் வளர்ந்த நான் சொன்னதற்கு
யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் கட்டில். நிரோஷன், ஐந்து மாதம்.
கொலக்கம்பை பக்கம் தேயிலை எஸ்டேட்.
மூச்சுக்கு மூச்சு இருமல்.
கேஸ் ஷீட்டில் எடை ஆறு கிலோ நானூறு.
கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் ஜென்டாமைசின்,
ஆக முப்பத்திரண்டு,
ஆக ஊசியில் பாயின்ட் எட்டு.
கணக்கு சரி.
டிக் அடிக்கப் பேனா எடுத்தவள்
அவனைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்றால், மூக்கைப் பார்த்தேன்.
மற்றதெல்லாம் கம்பளி.

“ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாங்க,
இந்தக் குளிர்ல எப்படிக் கழட்டுறது?”
என்றார் சிஸ்டர் ரெபேக்கா.
நியாயமான கேள்வி.

தராசுத் தட்டில் துண்டு விரித்து
ஹீட்டரை அதன் பக்கம் இழுத்து வைத்தேன்.
குல்லா. சாக்ஸ்.
ஸ்வெட்டர் ஒன்று, அதற்குள் இன்னொன்று,
யாரோ பெண்குழந்தைக்குப் பின்னிய ரோஜா நிறம்.
கால்சட்டைக்குள் கால்சட்டை.
வயிற்றைச் சுற்றி
அம்மா தன் சால்வையில் கிழித்த பட்டை.
வெங்காயம் உரிப்பதுபோல என்று நினைத்து
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
கடைசியில் அகப்பட்டவன்
வீறிட்டான், என் கோட்டை நனைத்தான்,
தட்டில் கால் உதைத்துக் கொஞ்சம் அடங்கியபோது
ஐந்து கிலோ அறுநூறு.

இருபத்தெட்டு மில்லிகிராம். பாயின்ட் ஏழு.
ஊசிக் குழலில் ஒரே ஒரு பெரிய கோடு.
அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிருமி,
அந்தப் பக்கம் அவன் காது, அவன் சிறுநீரகம் என்று
புத்தகம் சொல்லும்.
புத்தகம் கொஞ்சம் மிகைப்படுத்தவும் செய்யும்.
டாக்டர் அடித்துத் திருத்தி, தேதி போட்டு,
அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

புஷ்பகாந்தி அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.
“நேத்து ஆறு நானூறுன்னாங்க.
எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.
ஒரே ராத்திரியில எண்ணூறு கிராம்
எங்கம்மா போச்சு?”

பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.
கழற்றியதை எல்லாம் அள்ளி
அவள் கண்ணெதிரே தட்டில் வைத்தேன்.
எழுநூற்று எண்பது.
இருபது கிராம் இடித்தது.
என் கோட்டை முகர்ந்து காட்டினேன்.
சிரித்தாளா, தெரியவில்லை.
குவியலிலிருந்து
சால்வைப் பட்டையை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ்.
ஐந்து கிலோ எழுநூற்று நாற்பது, கம்பளி நீக்கி.
ஷீட்டில் எழுதினேன், லாக் புக்கில் எழுதினேன்.
உடுத்தி, சுற்றி, குல்லா நாடாவை முடிந்தபிறகு
“இன்னொரு தடவை வைங்க” என்றாள்.

ஆறு கிலோ ஐநூற்று இருபது.

“இதை எழுதிக் குடுங்க.”
மாத்திரைக் கவரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்,
புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி,
எந்த மருந்துக்கும் உதவாத அந்த எண்ணை.

கொலக்கம்பை பஸ்ஸுக்கு இன்னும் கால்மணி நேரம்.
மருந்துக் கவுன்ட்டர் ஓரமாய் நின்று
போனைக் காதில் வைத்து, யாருக்கோ,
அவள் சொல்லத் தொடங்கினாள்.