பதினோரு சென்ட்

காலாண்டு முடிந்துவிட்டது, கணக்கு முடியவில்லை.
கல்லாவில் இருக்கவேண்டியதைவிட
பதினோரு சென்ட் அதிகம்.
குறைந்திருந்தால் யாரையாவது சந்தேகப்படலாம்.
கூடியிருப்பதற்கு யாரைப் பிடித்துக் கேட்பது?

"விட்டுத் தள்ளு" என்கிறாள் இர்யா,
முழங்கை வரை மாவு.
கடை அவளுடையது, விட்டுத் தள்ளலாம்.
எனக்கு மணிக்கு நாற்பது டாலர்
விட்டுத் தள்ளாமல் இருப்பதற்குத்தான்.

தண்டர் பேயில் ஏப்ரல்.
ஏரியின் ஓரம் இன்னும் உறைந்தே கிடக்கிறது.
சர்க்கரை மூட்டைமேல் என் மடிக்கணினி.
டோனட் என்றால் என்னவென்று மென்பொருளுக்குத் தெரியாது.
நான்தான் பழக்கினேன்:
ஒன்று, இரண்டு என்றால் ஐந்து சதவீதம்.
மூன்று முதல் ஐந்து வரை பதின்மூன்று.
ஆறாகிவிட்டால் வரியே கிடையாது.
ஐந்து தின்பண்டம், ஆறு மளிகை.
சட்டம் எழுதியவர் வீட்டில்
எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தார்களோ.

முதல் வருடம் வரியையும் வரவில் சேர்த்துக்கொண்டு
மாவு பிசையும் இயந்திரம் வாங்கிவிட்டாள் இர்யா.
"பேங்கில் இருந்ததே!"
இருந்தது. உன்னுடையதாக இல்லை.
அன்றிலிருந்து வரிக்குத் தனிக் கணக்கு,
நம் பையில் தூங்கும் அடுத்த வீட்டுச் சாவி மாதிரி.

கல்லாவில் நிற்கும் ரீஸுக்கு வயது பத்தொன்பது.
சட்டத்தை அவன் வியாபாரமாக்கிவிட்டான்.
ஐந்து கேட்பவரிடம் குரலைத் தாழ்த்துவான்:
"ஐந்துக்கு வரியோடு ஒன்பது எண்பத்தொன்பது.
ஆறுக்குப் பத்தரை.
அறுபத்தோரு சென்டில் இன்னொன்று, வேண்டாமா?"
வேண்டாம் என்றவர் இல்லை, என்றான்.
பிறகு, ஒருவர் இருக்கிறார், என்றான்.

நான் நாள் நாளாகப் பிரிக்கிறேன்.
திங்கள் சரி. செவ்வாய் சரி.
வியாழன்தோறும் ஒரு சென்ட் கூடுகிறது.
ஒன்பது எண்பத்தொன்பது, ரொக்கம்.
ஒரு சென்ட் நாணயத்தை நாடு எப்போதோ கைவிட்டுவிட்டது,
ரொக்கம் என்றால் ஒன்பது தொண்ணூறு.
கார்டு தேய்க்கும் ஊரில்
நோட்டை நீவிக் கொடுக்கும் ஒரே கை அது.
மென்பொருளில் அந்தக் கைக்குப் பெயர்: வாடிக்கையாளர், பொது.

பின்னால் போகிறேன்.
ஜனவரியின் முதல் இரண்டு வியாழனும் அதே காலை,
ஏழு பத்து, அதே ரொக்கம்,
ஆறு டோனட், பத்தரை டாலர், வரி சுழியம்.
அதற்கு முந்தைய டிசம்பர், ஆறு.
அதற்கு முந்தைய வருடம், எல்லா வியாழனும், ஆறு.
மூன்றாவது வியாழன்
ஐந்து.
வரி: ஒரு டாலர் பதினான்கு.

பதினோரு வியாழன் அப்படியே இறங்குகிறது திரை.

"இர்யா, வியாழக்கிழமை ஏழு மணிக்கு யார் வருவது?"
மாவை அறைந்துகொண்டே சொன்னாள்:
"உர்ஹோ. டயாலிசிஸ் போகும் வழியில்.
அந்த அறையில் அவர்கள் ஆறு பேர்."
கை நின்றது.
அவளும் எண்ணிப் பார்த்திருப்பாள்.
திரும்பவும் அறைய ஆரம்பித்தாள்.

'ரொக்க முழுமைப்படுத்தல்' என்று
புதுக் கணக்கு ஒன்று திறந்தேன்.
பதினோரு சென்டை அதில் போட்டேன்.
வித்தியாசம்: சுழியம்.
பச்சை நிறத்தில் ஒரு டிக்.
வரிப் படிவம் அன்றே போய்விட்டது,
அவருடைய பன்னிரண்டு டாலர் ஐம்பத்து நான்கும்
அதற்குள் எங்கோ.

இந்த வியாழன் வேலையே இல்லாமல் ஏழு மணிக்குப் போனேன்.
பனிக்குல்லாயைக் கழற்றாமல் வந்தார்.
"ஐந்து."
ரீஸ் வாயைத் திறந்தான்.
இர்யாவின் பூட்ஸ் அவன் காலைத் தேடிப் போய் மிதித்தது.
டப்பாவில் ஆறாவது குழி காலியாகவே இருக்க
மூடியை அழுத்தி நூல் கட்டினாள்.

பத்து டாலர் நோட்டு ஒன்று.
மீதி பத்து சென்ட்.

இந்தக் காலாண்டுக்கு
முதல் சென்ட்.