கடைசியாக எப்போது

வெய்க்கோ விழித்தான்.
அவன் வலக்கை விழிக்கவில்லை.
போர்வைக்கு வெளியே கிடந்தது,
யாரோ மறந்துபோன கையுறை மாதிரி.
மணி ஏழு. ஓலு நகரத்து டிசம்பரில்
ஏழு என்பது நள்ளிரவின் இன்னொரு பெயர்.

காபி என்று சொல்லத்தான் வாய் திறந்தான்.
வந்தது சொல்லின் உமி.

ஆம்புலன்சில் ஒரு பையன் கேட்டான்:
கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?
வாசலில் செவிலி கேட்டாள்.
உள்ளே டாக்டர் ஹில்க்கா
அதையே, இன்னும் மெதுவாக.

பதினொன்று என்றேன். விளக்கணைத்தபோது.
அப்புறம் தெரியாது.
குறட்டைக்குப் பயந்து வேறு அறையில் படுக்கிறேன்,
ஆறு வருடமாக.
இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.

அவள் விரல் மடித்து எண்ணினாள்.
நாலரை மணி நேரத்துக்குள் என்றால்
கட்டியைக் கரைக்க மருந்து உண்டு.
எங்கள் கணக்கு எட்டைத் தாண்டியிருந்தது.
தூங்கின நேரமெல்லாம்
நோயின் பற்றில் ஏறிவிடுகிறது.
தூங்கினவன் கன்று கடாக்கன்றுதான், எந்த ஊரிலும்.

"பொறுங்கள்," என்றாள்,
"மூளையிடமே மணி கேட்போம்."

இரண்டு படங்கள்.
ஒன்றில் இடப்பக்கம் வெள்ளைத் திட்டு,
பாலில் தோய்த்த பஞ்சளவு.
மற்றதில் அதே இடம்: ஒன்றுமில்லை.
"முதல் படம் சீக்கிரமே சொல்லிவிடும்.
இது சில மணி கழித்துத்தான் ஒத்துக்கொள்ளும்.
இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை."
அப்போதுதான் அவள் நடை ஓட்டமானது.
ரத்தம் கசியலாம், நூற்றில் சிலருக்கு, என்றாள்.
சரி என்றேன்.
என் ஸ்வெட்டர் உள்வெளியாக இருந்தது.

ஒரு மணி நேரம்
ஒரு மெல்லிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவன் மூக்குக்கண்ணாடி எடுக்க
வீட்டுக்கு வந்தேன். பத்தரைக்கு விடிந்தது.
பின்முற்றத்தில் விறகுக் கொட்டில்வரை
போய்த் திரும்பிய காலடித் தடங்கள்.
வலது, இடது, வலது, இடது.
ஒன்றுகூட இழுபடவில்லை.
ஒன்றுக்குள்ளும் ஒரு பொட்டுப் பனி விழவில்லை.

பேப்பர் போடும் எய்லா
வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
அன்றைக்குப் பனி நின்றது நாலு மணிக்கு.
அப்புறம் பெய்யவே இல்லை.

நாலுக்குப் பிறகு, அப்படியானால்,
அவன் எழுந்திருக்கிறான்.
என் அறைப்பக்கத்து அடுப்புக்கு
விறகு போட்டிருக்கிறான்.
திரும்பப் போய்ப் படுத்திருக்கிறான்.
எல்லாரும் என்னையே கேட்டார்கள்.
முற்றத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

சாம்பலைக் கிளறினேன். ஆறிப்போயிருந்தது.
வெறுங்கையால் கிளறினேன்.

இன்று அவன் வலக்கையில்
இரண்டு விரல்கள் அசைகின்றன.
மூன்றாவது யோசிக்கிறது.
என் பெயர் தூலிக்கி.
தூலி வரை வந்து நிற்கிறான்.
தூலி என்றால் எங்கள் பாஷையில் காற்று.
காற்று வரை வந்துவிட்டான்.

மீதிக்கு அவசரமில்லை.
நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன்.
குறட்டை விடுகிறான்.
இடையிடையே நிறுத்துகிறான்.
நிறுத்தும்போதெல்லாம் மணி பார்க்கிறேன்.