பெற்றுக்கொண்டேன்

ரசீதின் மூன்றாம் வரியில்
அச்சாகியே வருகிறது அந்தச் சொல்: பெற்றுக்கொண்டேன்.
எண்ணை மட்டும் நான் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை, மணி மூன்றேகால், செவ்வாய்ப்பேட்டை.
சென்றாயன் என் மேசையில் முழங்கை ஊன்றி நிற்கிறார்.
லாரி ஆத்தூரைத் தாண்டிவிட்டதாம்,
நானூறு மூட்டை ஜவ்வரிசி.
நாலு மணிக்குள் ரசீது போனால்தான் பேங்கில் பணம்,
பணம் வந்தால்தான் நாளைக்குக்
கிழங்குக்காரர்களுக்குப் பட்டுவாடா.
"ஒரு மணி நேரம் முன்னப்பின்ன,
இதுல என்னங்க இருக்குது?"

ஒன்றுமில்லைதான்.
நான்காம் அட்டிக்கான இடத்தில்
வெறும் மரச்சட்டங்கள் கிடக்கின்றன,
அவற்றின் மேல் ஒரு பூனை.
பூனையை நானூறு என்று எழுத வேண்டும்,
அவ்வளவுதான்.

எழுதியிருக்கிறேன் ஒருமுறை.
முந்நூற்றுத் தொண்ணூறு இறங்கிய நாளில் நானூறு என்று,
பழகின லாரி, பழகின ஆள், எண்ணவில்லை.
பத்து மூட்டை எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.
தாள் எங்கே போனதென்று தெரியும்.
முதுகில் மூன்று கையெழுத்து ஏறி
நாசிக்கிலிருந்து ஒருவர் சட்டைப்பையில் திரும்பி வந்தது.
அவருக்குத் தமிழ் தெரியாது,
சேலம் தெரியாது, என்னைத் தெரியாது,
என் எண்ணைத் தெரியும்.
"ஏத்திவிட்டவங்கதான் குறைச்சிருக்கணும்" என்று
நான் சொன்னதை யாரோ இந்தியில் சொன்னார்கள்.
அவர் தாளைத் திருப்பி
என் கையெழுத்தின்மேல் விரல் வைத்தார்.
பிறகு வக்கீலும்
அதே இடத்தில்தான் விரல் வைத்தார்.
பதினான்கு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இப்போது எண்ணும்போது யாரோடும் பேசுவதில்லை.
நனைந்ததை நனைந்தது என்று எழுதுகிறேன்,
மறுதையல் போட்டதை மறுதையல் என்று.
குத்தூசியால் குத்தி
உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல்
'நல்ல நிலையில்' என்ற வார்த்தையை
யாருக்கும் தருவதில்லை.
தொலைத்தவருக்கு மறுரசீது கொடுத்தால்
குறுக்கே 'நகல்' என்று சிவப்பில்,
கண் மங்கியவருக்கும் தெரியும்படி.

போன ஆடியில் மைத்துனன் பொன்னுரங்கம் வந்தான்.
அவன் கொண்டுவந்து வைத்த மூட்டைகள்,
அவனே கேட்டான்.
ரசீது கையில் இல்லை,
எங்கோ பணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தான்.
"என்னைத் தெரியாதா மாமா?"
முகம் தெரியும் மாப்பிள்ளை.
முகத்துக்கு மூட்டை கிடையாது.
தீபாவளிக்கு அவன் வரவில்லை.
வீட்டில் இரண்டு நாள் சோறு
தட்டில் சத்தமாக விழுந்தது.

நாலு மணி அடித்தது.
சென்றாயன் நாற்காலியை இழுத்துப் போட்டு
வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.
நாசிக்குப் பக்கம் விரத நாளில்
இதைத்தான் ஊறவைத்துச் சாப்பிடுவார்களாம்.
அந்த மனிதர் அன்று டீகூட வேண்டாமென்றது
கோபமா விரதமா என்று
திடீரென இப்போது யோசனை.

லாரி ஏழரைக்கு வந்தது.
வாழப்பாடியில் மழையாம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
அதில் ஆறு ஈரம்.

பட்டுவாடா திங்களுக்குப் போனது.
கிழங்குக்காரர்கள் அவரைத் திட்டினார்கள்,
அவர் என்னைத் திட்டினார்,
அதற்கு ரசீது எதுவும் இல்லை.

கார்பனைச் சரிசெய்து
மூன்றாம் பிரதிவரை இறங்கும்படி
அழுத்தி எழுதினேன்.
பூனை
வேறு இடம் பார்த்துப் போனது.