எக்ஸ்ரே அச்சு

என் இடது மணிக்கட்டின் எக்ஸ்ரேயை
வட்டமாய் வெட்டிக்கொண்டேன்.
மூன்றங்குலம். ஒன்று கோணிவிட்டது;
அது சின்னப் பூவுக்கு.
அட்டை வைத்தால் துணி மறைந்துபோகும்.
இதில், எலும்பு வழியே
கண்டாங்கிக் கட்டம் நேராக வந்து நிற்கும்.

பாதியாய், பாதியில் பாதியாய் மடித்து
ஓரத்தில் ஓடவிட்ட நூலை இழுத்தால்
சுருங்கி எழும் ஓர் இதழ்.
ஐந்து சேர்ந்தால் கிளிப்புக்குப் பூ,
நடுவில் சட்டைப் பொத்தான்.
கோந்துத் துப்பாக்கி பெருவிரலைச் சுட்டது
தனிக்கணக்கு.

புதுவயல் ஜமீலா ஸ்டோரில்
ஒன்று பதினெட்டு ரூபாய்.
எனக்குப் பதினொன்று.

நேற்று காரைக்குடி பஸ்ஸில்
முன்சீட்டுப் பெண்ணின் கொண்டையில்
என் அரக்குப் பூ.
நாலாவது இதழ் விட்டுக்கொண்டிருந்தது.

கல்லுக்கட்டி வரும்வரை
என் இரண்டு விரல்கள்
காற்றைக் கிள்ளிப் பிடித்திருந்தன.